அந்தச் சிவப்பு எங்கே போச்சு?

"அந்தச் செவப்பு எங்க போச்சு, சொல்லு பாப்போம்."

பவளம் அத்தை கண்ணாடிக் கிளாஸை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். சற்று முன்பு அதில் இருந்தது மலை ஓடைத் தண்ணீர், பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில். ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரைப் போட்டு, தேயிலைக் குச்சியால் கலக்கி, சாரல் விழாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, யார் வீட்டு மருமகள் யாரோடு பேசுவதில்லை என்பதையெல்லாம் சொல்லி முடித்தார். கையை எடுத்தபோது தண்ணீர் வெளுத்திருந்தது. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தவள் நான். அறிவியலில் நல்ல புள்ளி வரும் என்று நம்பியிருந்தவள். எனக்குப் பதில் தெரியவில்லை.

"மருந்து தின்னுடுச்சு, அவ்வளவுதான் லா," என்று அவரே சொல்லிவிட்டுத் தண்ணீரைப் புல்லில் வீசினார். தோட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் இந்த வேடிக்கையை ஒருமுறை காட்டாமல் விடமாட்டார். வேறு வேலையில்லாமல் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்த எனக்குப் பலமுறை காட்டினார்.

ரிங்லெட்டுக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே குழாய்த் தண்ணீருக்கு மருந்து போடுபவர் பவளம் அத்தை. குள்ளமான உருவம். கணவருடைய பழைய கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கொண்டைக்கு மேலே கம்பளித் தொப்பி. கொண்டை இருப்பதால் தொப்பி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். முன்பு கொழுந்து எடுத்தவர்தான். முழங்கால் வலி வந்ததும் தோட்டத்து மருந்தகத்தில் ஆயா வேலை கொடுத்தார்கள். அதோடு தொட்டி வேலையும் சேர்ந்துகொண்டது. முழங்கால் வலிக்கிறவர் தினமும் மேட்டில் ஏறுகிறாரே என்று கேட்டால், "ஏறும்போது வலிக்காது புள்ள. கொழுந்து எடுக்கும்போதுதான் வலிக்கும்" என்பார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிப்பதற்கு முன்பே பவுடர் டின்னைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டின்னைத் தட்டுவது பாம்பை விரட்டவாம். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் வரிசை வீடுகள், பாதி லயம், கண் விழிக்கும். பாசி படிந்த காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடையை மேலே ஒரு சிமெண்டுக் குழியில் மடக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து பைப்பு வழியாகக் கீழே பெரிய தொட்டி. தொட்டியிலிருந்து லயத்துக்குக் குழாய். மழைக்காலத்தில் உதிர்ந்த இலையெல்லாம் அந்த மேல் குழியில் கிடந்து ஊறும், தண்ணீர் சிவந்துவிடும். பவளம் அத்தை மருந்தைக் குழியிலேயே போடுவார். கீழே வந்து சேருவதற்குள் வெளுத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

திரும்பி வரும் வழியில் குழாயடியில் நிற்பார். சமைத்தவள் சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுபோல எல்லாரையும் பார்த்து, "இன்னிக்கு எப்படி என் தண்ணி?" என்று கேட்பார். தண்ணீர் முழுக்க அவருடையது. மருந்து வாடை மூக்கைத் துளைத்தால்தான் லயத்துக்கும் திருப்தி. வாடை குறைந்த நாளில், "இன்னிக்குப் பத்தலக்கா, வாயில ஒண்ணுமே தெரியல" என்று புகார் வரும். மறுநாள் ஒரு கரண்டி கூடும்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கல்யாணம், காதுகுத்து வைத்தால் பந்தலுக்குச் சொல்லும் முன்பே பவளம் அத்தையிடம் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்வார்கள். "ஈப்போவிலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. செவப்புத் தண்ணியப் பாத்துச் சிரிக்கக் கூடாது, நல்லா வெளுத்துக் குடுங்க." எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு அதற்குத் தகுந்தாற்போல அள்ளிப் போடுவார். விருந்தாளிக்கு நெய்யைக் கூடுதலாக ஊற்றுவதுபோல. வேலாயி அக்கா வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தி ஒருவர் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "ரசத்த நீச்சல் குளத்துலயா வச்சீங்க?" என்று கேட்டது இன்றும் இங்கே பேச்சு. பவளம் அத்தை அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவரைச் சீண்டுவதற்கென்றே பிறந்தவர் தேயிலை லோரி ஓட்டும் சிங்காரம். "உன் தண்ணியில லோரி கழுவிக் கழுவி பச்சை லோரி வெள்ளையாயிருச்சுக்கா. துரை என்னைய ஆம்புலன்ஸ் ஓட்டச் சொல்லப் போறாரு."

"நீயும் குளி. கொஞ்சம் வெளுப்பே."

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. போன வருடம், எண்பத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் அவர் மகள் சாரதா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பவளம் அத்தைக்குக் கால் தரையில் படவில்லை. மகள் குடிக்கிற பானையில் தனியாக ஒரு சிட்டிகை மருந்து. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் ராதாகிருஷ்ணன் அந்த வாரம்தான் ஈப்போவில் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார். அதிகம் பேசாதவர், ஊசி போடும்போதும் மன்னிப்புக் கேட்பதுபோலப் போடுவார். அம்மாவின் இருமல் மருந்துக்காக நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் பவளம் அத்தையிடம், "மருந்தை எங்க போடுறீங்க?" என்று கேட்டார்.

"மேல் குழியில, ஐயா. அங்கதானே செவப்பு நிக்குது."

டிரஸர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தச் செவப்பு எங்கயும் போறதில்லை, பவளம். அது அழுகுன இலையோட சாறு. நம்ம மருந்து அதோட சேர்ந்து வேற ஒண்ணா மாறிடுது. கண்ணுக்குத் தெரியாது. குளோரோஃபார்ம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அந்தக் காலத்துல ஆபரேஷனுக்கு மயக்கம் குடுப்பாங்களே, அதுவும் அதோட சொந்தக்காரங்களும் தண்ணியில உண்டாகுதாம். இலை எவ்வளவு இருக்கோ, மருந்து எவ்வளவு போடுறோமோ, அவ்வளவுக்கு."

பவளம் அத்தை கையிலிருந்த பஞ்சு டப்பாவை மேசைமேல் வைத்தார். "அப்ப நான் லயத்துக்கே மயக்க மருந்தா குடுத்துக்கிட்டிருந்தேன்?"

"அப்படியில்லை. துளியிலும் துளி. மயக்கமெல்லாம் வராது. எலிக்கு ஏராளமாக் குடுத்துப் பாத்ததுல கட்டி வந்திருக்கு. மனுஷங்க வருஷக்கணக்காக் குடிச்சா மூத்திரப்பையில புத்துநோய் வரலாமோன்னு சந்தேகப்படுறாங்க. இன்னும் ஆராய்ச்சி நடக்குது."

"வயித்துல இருக்கிற புள்ளைக்கு?"

டிரஸர் பொய் சொல்லத் தெரியாதவர். "அது யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது," என்றார். பிறகு அவசரமாக, "அதுக்காக மருந்தை நிறுத்திறாதீங்க. அது பெரிய ஆபத்து. முதல்ல இலையை எடுக்கணும், தண்ணியை மணல்ல வடிக்கணும், அப்புறம் கீழ்த் தொட்டியில கொஞ்சமா மருந்து போடணும். துரைகிட்ட பேசுறேன், பொறுங்க," என்று நீளமாகச் சொன்னார். பவளம் அத்தை தலையை ஆட்டினார். ஆனால் "தெரியாது" என்ற சொல்லுக்குப் பிறகு அவர் காதில் எதுவும் விழவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

மறுநாளும் டின் சத்தம் கேட்டது. லயத்துக்கு வழக்கம்போல மருந்து போய்ச் சேர்ந்தது. ஆனால் திரும்பும்போது அவர் குழாயடியில் நிற்கவில்லை. எப்படி என் தண்ணி என்று யாரையும் கேட்கவில்லை. துண்டு போட்டு மூடிய ஒரு வாளியோடு சரிவிலிருக்கும் காய்கறித் தோட்டத்துப் பக்கமிருந்து வந்தார். அந்தச் சரிவுக்குக் கீழே ஓர் ஊற்று இருக்கிறது. அதன் தண்ணீர் எந்த மழையிலும் சிவக்காது. கண்ணாடி மாதிரி இருக்கும். வெள்ளையாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று இத்தனை வருடம் நம்பியவருக்கு அதைவிட நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? அது மகளுக்கு மட்டும். சரிவில் நாங்கள் முட்டைகோஸுக்குக் கூடை கூடையாகக் கோழி எரு போடுவதும், மழை அதைக் கழுவிக்கொண்டு எங்கே போகிறது என்பதும் அவர் நினைவுக்கு வரவில்லை.

சிங்காரம் வாளியைப் பார்த்துவிட்டார். "என்னக்கா, வாளிக்குக் குளிருதா? முக்காடு போட்டிருக்கு."

"உனக்கென்ன? லோரியப் பாத்து ஓட்டு."

அவ்வளவு போதும். மாலைக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவியது. மருந்து போடுறவ தன் பொண்ணுக்கே அந்தத் தண்ணியக் குடுக்கல. மறுநாள் குழாயடி காலியாக இருந்தது. ஊற்றில் வரிசை நின்றது. வேலாயி அக்கா நேராகவே கேட்டார்: "உன் புள்ளைக்கு ஆகாதது எங்க புள்ளைங்களுக்கு ஆகுமா, பவளம்?" பவளம் அத்தை வாளியின் துண்டை இழுத்து மூடிக்கொண்டு நடந்தார். அவர் ஊற்றில் எடுக்கிறார் என்பதாலேயே ஊற்றுத் தண்ணீர் உத்தமமானது என்று லயம் முடிவு செய்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் சிங்காரம் மருந்தகத்துக்கு வந்தார். வந்தார் என்பதைவிட, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள் என்பதே சரி. விடிந்ததிலிருந்து கொல்லைக்கும் வீட்டுக்குமாக ஓடி, கடைசியில் ஓடவும் தெம்பில்லை. படுக்க வைத்து, சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டியவர் பவளம் அத்தைதான்.

"சாவப்போறேன்க்கா."

"வாயத் திற. சாவுறவன் இப்படிப் பேசமாட்டான். என்னத்தத் தின்னே?"

"ஒண்ணும் திங்கல. ஊத்துத் தண்ணி குடிச்சேன், பச்சையா. நீ சாரதாவுக்குக் குடுக்கிறியே, அதே தண்ணி. நல்ல தண்ணின்னுதானே குடுத்தே?"

டிரஸர் அந்தப் பக்கமிருந்து, "எந்த ஊத்து? முட்டைகோஸ் கொல்லைக்குக் கீழயா?" என்று கேட்டார். யாரும் அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பவளம் அத்தை கரண்டியைப் பக்கத்தில் நின்றிருந்த என் கையில் திணித்துவிட்டு ஓடினார். முழங்கால் வலிக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சிங்காரம் படுத்த நிலையிலும் கழுத்தைத் தூக்கி, "அக்காவுக்கும் வந்துருச்சா?" என்றார். நான் கரண்டியை அவர் வாயில் வைத்துவிட்டு, கூட வந்தவர்களிடம் அவரை ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

சாரதா அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து பச்சைப்பயறு தின்றுகொண்டிருந்தாள். பவளம் அத்தை மூச்சிரைக்க வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தண்ணி... குடிச்சியா?" என்றார்.

"எதும்மா?"

"நான் கொண்டாந்தது. பச்சையாவா குடிச்சே?"

"பச்சையா யாரு குடிப்பா இந்தக் குளிருல? வந்ததும் சுட வச்சுருவேன். வாளியில தவளைக்குஞ்சு ஒண்ணு நீந்துச்சு. உன்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல."

பவளம் அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு, "தவளைக்குஞ்சக் கண்டும் குடிச்சியாடி," என்று மகளின் தோளில் ஒன்று வைத்தார். வைத்த இடத்தையே தடவிக் கொடுத்தார். மீதித் தண்ணீரை வெளியே கொட்டினார்.

அன்று மாலை பெரட்டுக் களத்தில் ஆட்கள் கலையும்போது அவர் எல்லாரையும் நிறுத்தினார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. குழாயடியில் சண்டை போடுகிற குரலில்தான் பேசினார். "ஊத்துத் தண்ணி வேணாம். சிங்காரத்தப் போய்ப் பாருங்க. நான் எடுத்ததப் பாத்துத்தான் நீங்களும் எடுத்தீங்க. நான் பயந்துட்டேன். டிரஸர் ஐயா பாதி சொல்லும்போதே காத மூடிக்கிட்டேன். இன்னிக்குத்தான் முழுசாக் கேட்டேன். மருந்து வேணும். ஆனா வெளுக்கிறதுக்குப் போட்டது என் தப்பு. கிருமி சாகத்தான் மருந்து, நிறம் போக இல்ல. இனிமே தண்ணி கொஞ்சம் செவப்பாத்தான் வரும். வாடையும் குறையும். பவளம் மருந்தத் திருடி வித்துட்டான்னு யாரும் பேசாதீங்க."

"கல்யாணத்துக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கல்யாணத்துக்கும் செவப்புதான். சம்பந்தி சிரிச்சா சிரிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், லயமே கூடி உழைத்தது. துரை கொடுத்த கம்பி வலையும் ஆற்று மணலும் ஜல்லியும் லோரியில் வந்து இறங்கின. மேல் குழியில் இறங்கி இலையை வாரினால், அடியில் கறுப்புச் சேறாக எத்தனையோ மழைக்காலத்து இலை. அள்ளியவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். "இதத்தான் நாம வெளுத்துக் குடிச்சோமா," என்றார் வேலாயி அக்கா. குழியின் வாயில் வலை கட்டினார்கள். தொட்டிக்கு முன்னால் மணலும் ஜல்லியும் நிரப்பிய பீப்பாய்களில் தண்ணீர் வடிந்து இறங்கும்படி பைப்பைத் திருப்பினார்கள். மருந்து அதற்குப் பிறகுதான், கீழே, அளந்து.

மறுநாள் காலை எல்லாரும் குழாயடிக்கு வந்தார்கள். ஆனால் யாரும் குடத்தை வைக்கவில்லை. தண்ணீரில் இலேசான சிவப்பு. தேயிலை போட்டு மூன்றாம் முறை ஊற்றிய தண்ணீர்போல. பவளம் அத்தை தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றார். வா என்று யாரையும் கூப்பிடவில்லை. பிடிக்க மாட்டார்களோ, மறுபடி ஊற்றுக்குப் போய்விடுவார்களோ என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போன சிங்காரம்தான் முதலில் குடத்தை நகர்த்தினார்.

"செவப்போ கறுப்போ, பிடிக்கிறேன்க்கா. கொல்லைக்கு ஓடுனது போதும். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா மலைக்குக் கீழ தாப்பாவுக்கே போய்ச் சேந்திருப்பேன்."

குழாயடி சிரித்தது. வரிசை நகர்ந்தது.

இப்போது பவளம் அத்தைக்குப் புது விளையாட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. டிரஸர் கொடுத்த சின்னக் கண்ணாடிக் குழாயில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விடுவார். இளமஞ்சள் வந்தால் மருந்து சரி, வரவில்லையென்றால் குறைவு, அடர்ந்த மஞ்சள் என்றால் கூடிப்போச்சு. பிரிஞ்சாங் பசார் மாலாம் இரவுச் சந்தையில் சேலை எடுக்கப் போனபோதுகூட ஒரு மஞ்சள் துணியைத் தூக்கிப் பிடித்து, "இது கொஞ்சம் கூட, லா" என்று கடைக்காரரைக் குழப்பியிருக்கிறார். சாரதாவுக்குப் பெண் குழந்தை, நல்ல எடை, தொண்டை தோட்டத்துச் சங்குக்குப் போட்டி.

டிரஸர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். வடித்த பிறகும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குளோரோஃபார்ம் சொந்தக்காரர்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் காற்றோடு போகிற ஜாதி. தண்ணீர் கொதிக்கும்போது மூடியைத் திறந்து, சன்னலையும் திறந்து கொஞ்ச நேரம் விட்டால் ஆவியோடு போய்விடுவார்கள், கிருமியும் செத்துவிடும். மலைக்குளிரில் இது லேசான காரியமில்லை. விறகு மிச்சமாக வேண்டும் என்று எல்லா வீட்டிலும் கேத்தலை இறுக மூடித்தான் கொதிக்க வைப்போம். மூடி குதித்தால் மேலே ஒரு கல்லையும் வைப்போம். சொன்னால் தலையாட்டிவிட்டு மறுபடியும் மூடுவோம்.

நேற்று, உங்களைப் பற்றி எழுதுகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். "என்னையப் பத்தி என்ன எழுதுறது? தண்ணியப் பத்தி எழுது," என்றவர், ஏதோ நினைவு வந்தவராக எழுந்தார். கேட்காமலே வேலாயி அக்கா வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். நான் பின்னால் போனேன். அடுப்பில் கேத்தல், அதன் மேல் மூடி, மூடியின் மேல் கல். வேலாயி அக்கா அரிசி களைந்தபடி, "வந்துட்டா லா, போலீஸ்காரி" என்றார். பவளம் அத்தை நேரே அடுப்புக்குப் போனார். கல்லை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். முந்தானையால் மூடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். சன்னலைத் தள்ளித் திறந்தார். வெண்ணிற ஆவி அவர் தொப்பியைச் சுற்றிக்கொண்டு வெளியே மலைப்பனியோடு போய்ச் சேர்ந்தது. அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது கோட்டுப் பைக்குள் ஏற்கெனவே வேறு கற்கள் இருந்து உரசும் சத்தம் கேட்டது.

எல்லா லயத்து அடுப்படிக்கும் அவரால் நடக்க முடியாது. இதைப் படித்தவர்கள், கேத்தல் மூடியைத் திறந்து கொதிக்க வைக்கும்படி பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.